எதுக்கு?

உங்கள் வீட்டில் அரிவாள் இருக்கிறதா? அரிவாள்மனையைக் கேட்கவில்லை. தேங்காய் வெட்ட, வேலி கழிக்கக் கொல்லைப்புறத்தில் செருகி வைத்திருப்போமே, அது.

சின்ன வயதில் அப்பாவோடு ஆசாரி பட்டறைக்குப் போவேன். இரும்பை உலையில் வைப்பதற்கு முன் ஆசாரி ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "எதுக்கு?"

கதிர் அறுக்க என்றால் மெல்லிசாக, வளைவாக, பல் வெட்டித் தருவார். விறகுக்கு என்றால் கனமாக. வேலை தெரியாமல் அவருக்கு வடிவம் கிடையாது.

சட்டமும் அதையேதான் கேட்கிறது. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே என்று செய்யப்பட்ட பொருள், 1959 ஆயுதச் சட்டப்படி ஆயுதமில்லை. அதே இரும்பு நீண்டு வீச்சரிவாள் ஆனால் கதையே வேறு. 2021-இல் தமிழகக் காவல்துறை, அரிவாள் வாங்குபவரின் பெயர், முகவரியைக் குறித்து வைக்கும்படி பட்டறைகளுக்குச் சொன்னது.

பிலிப்பைன்ஸில் 'போலோ' என்று ஒரு கத்தி. புதர் வெட்டுகிற விவசாயியின் இடுப்பில் தொங்குவது. 1896-இல் ஸ்பெயின் ஆட்சிக்கு எதிராக எழுந்தபோது, துப்பாக்கி இல்லாதவர்கள் ஏந்தியது அதைத்தான். அப்படியென்றால் கத்தி நல்லதா, கெட்டதா?

"கத்தி மேல குத்தமில்ல, கை மேலதான் குத்தம்." நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், 2024 ஜூன் வரை.

கள்ளக்குறிச்சி கருணாபுரம். மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப் போனார்கள். மெத்தனாலும் ஒரு கருவிதான். பெயின்ட், பிளாஸ்டிக், பசை செய்யத் தேவைப்படுகிற சரக்கு. உடம்புக்குள் போனால் ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் கண்ணைப் பறிக்கும், அப்புறம் உயிரை.

இதில் 'வெட்டிய கை' எது, சொல்லுங்கள்? டிரம்மிலிருந்து பாக்கெட் வரை பல கைகள் மாறிய சரக்கு இது. ஒவ்வொரு கையும் சொல்லும்: "நான் வித்தேன், அவ்வளவுதான்."

"கடைக்காரன் என்ன போலீஸா? வாங்குறவன் மனசு அவனுக்கு எப்படித் தெரியும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். பொய் சொல்லி வாங்கினால் விற்றவன் ஏமாந்தவன். அவனை விட்டுவிடலாம். ஆனால், கேட்டால் உண்மை தெரிந்துவிடும், தெரிந்தால் வியாபாரம் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டவன்?

பி.காம். வகுப்பில் படித்தது ஞாபகம் வருகிறது. லாபத்தில் பங்கு வாங்குகிறவன் நஷ்டத்துக்கும் பொறுப்பாளி. இங்கே நஷ்டக் கணக்கில் இருப்பது ரூபாய் இல்லை, உயிர்.

ஆசாரியின் கேள்வி தொழில் சுத்தத்துக்காக மட்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. பதில் சரியில்லை என்றால் அவர் உலையை மூட்டாமலே இருக்கலாமே!

நீங்களும் தினமும் எதையாவது யாருக்காவது கொடுக்கிறீர்கள். ஒரு கையெழுத்து, ஒரு சிபாரிசு, கொஞ்சம் பணம். கொடுப்பதற்கு முன் கேட்கிறீர்களா?

எதுக்கு?