பத்மநாபதாசரின் கார்

பழைய கார் ஒன்றின் மீது ஒருவர் ஆயுள் முழுவதும் வைக்கும் அன்பு பற்றா, பேணுதலா என்ற கேள்விக்குத் திருவனந்தபுரத்தில் தனிக் கனம் உண்டு. உடைமையையே சடங்கு முறைப்படி துறந்த அரசு இங்கே இருந்தது. 1750 ஜனவரியில் திருவிதாங்கூர் மன்னர் அனிழம் திருநாள் மார்த்தாண்ட வர்மா தம் நாடு முழுவதையும் ஸ்ரீபத்மநாபருக்கு ஒப்படைத்தார். திருப்படிதானம் என்பது அந்த நிகழ்ச்சியின் பெயர். அதன்பின் அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் பத்மநாபதாசர் என்ற பட்டத்துடன், இறைவனின் நாட்டை இறைவன் சார்பில் நடத்தும் ஊழியராக ஆண்டார்கள். பத்மநாபசுவாமி கோயிலிலிருந்து வெளியேறும்போது அரச குடும்பத்தார் காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு வருவது வழக்கம். இறைவனின் சொத்தில் ஒரு மணல்கூடத் தம்மோடு வந்துவிடக் கூடாது என்பதே அதன் பொருள்.

அந்த வழக்கத்தைக் கடைசிவரை கடைப்பிடித்தவர் உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா (1922–2013). அவருடைய அண்ணன் சித்திரைத் திருநாள் 1991-இல் மறைந்தபின் குடும்பத்தின் தலைமை அவரிடம் வந்தது. நாள்தோறும் பத்மநாபரைத் தொழுவது அவர் விடாத கடமை. கார்கள் மீது அவருக்கிருந்த ஈடுபாடும் ஊரறிந்தது. 1950-களில் ஏறத்தாழ 12,000 ரூபாய்க்கு அவர் வாங்கிய மெர்சிடிஸ் பென்ஸ் 180 கார், கர்நாடகப் பதிவில் ‘சிஏஎன் 42’ என்ற எண்ணைத் தாங்கியது. பல லட்சம் மைல் ஓடிய அந்தக் காரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, பதிலுக்குப் புதிய கார்கள் இரண்டைத் தர நிறுவனம் முன்வந்ததாகவும், அவர் மறுத்துவிட்டதாகவும் பத்திரிகைகள் எழுதின. காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு வந்தவர் இந்தக் காரை விடவில்லை. இதை முரண்பாடு என்று சொல்லி நகர்ந்துவிடலாம். சற்று நின்று பார்த்தால் இதற்குள் இரண்டு வினாக்கள் இருப்பது தெரியும். இத்தனை ஆண்டு பழுதுபார்த்தபின் அது அதே கார்தானா? அதைத் தன்னுடையது என்று ஒருவர் எந்தப் பொருளில் சொல்கிறார்?

முதல் வினா மிகப் பழையது. கிரேக்கத்தில் தீசியஸின் கப்பலை வைத்து அதை எழுப்பினார்கள்: பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சுவது அதே கப்பலா? இந்தியாவில் இதே வினா ஒரு வாகனத்தை வைத்தே எழுந்தது. பாலி மொழியில் உள்ள மிலிந்தனின் கேள்விகள் என்ற நூலில், தேரில் வந்த அரசனிடம் பிக்கு நாகசேனர் கேட்கிறார்: ஏர்க்கால் தேரா? அச்சு தேரா? சக்கரம் தேரா? எல்லாவற்றுக்கும் அரசன் இல்லை என்கிறான். உறுப்புகள் கூடிய இடத்தில் ‘தேர்’ என்ற பெயர் வழங்குகிறது. அதற்கு அப்பால் தேர் என்று தனிப்பொருள் இல்லை என்பது பிக்குவின் முடிவு. நியாய வைசேஷிகர்கள் இதை ஏற்கவில்லை. முழுமை என்பது உறுப்புகளில் தங்கியிருந்தாலும் அவற்றிலிருந்து வேறான ஒரு மெய்ப்பொருள் என்றார்கள். ஆனால் அந்தக் கொள்கைக்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. துணியிலிருந்து ஓர் இழையை உருவினால் பழைய துணி அழிந்து புதிய துணி பிறக்கிறது என்றே அவர்கள் கொள்ள வேண்டியிருந்தது. அந்தக் கணக்குப்படி கார்புரேட்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் பட்டறையிலிருந்து வேறொரு கார் வெளியே வருகிறது.

இந்த இரு முனைகளுக்கும் நடுவே செல்லும் வழி தமிழிலேயே இருக்கிறது. மணிமேகலையின் கடைசிக் காதை, உலகத்தார் பொருள்களுக்குப் பெயரிட்டு வழங்கும் முறைகளை வகைப்படுத்துகிறது. அவற்றில் ஒன்று தொகை: பலவற்றின் கூட்டத்தை உடம்பு என்றும் நாடு என்றும் ஒன்றாகச் சொல்வது. இன்னொன்று தொடர்ச்சி: வித்து, முளை, தாள் என மாறிக்கொண்டே போகும் வரிசை முழுவதையும் நெல் என்ற ஒரே பெயரால் வழங்குவது. நாகசேனரின் தேர் முதல் வகையில் அடங்கும். பழைய கார் அதில் மட்டும் அடங்காது. அறுபது ஆண்டுகளில் டயர், பேட்டரி, பிரேக் லைனிங், சீட் துணி, பெயிண்ட் எல்லாம் பலமுறை மாறியிருக்கும். ஆயினும் ஒவ்வொரு மாற்றமும் முந்தைய நிலையிலிருந்தே, முந்தைய நிலையைப் பேணுவதற்காகவே நடந்திருக்கிறது. மாறாத உட்கரு ஒன்று ஒளிந்திருக்க வேண்டிய தேவை இல்லை. இடையறாத வரிசை இருந்தால் போதும். பழைய கார் பற்றிய விவாதத்தில் மிகவும் பயன்படும் கருத்து இதுதான். பௌத்தக் காப்பியம் ஒன்று இதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழில் தெளிவாகச் சொல்லிவிட்டிருப்பது தமிழர்கள் பெருமைப்படத்தக்க செய்தி.

இந்தியச் சட்டமும் தன் வழியில் ஒரு விடை தந்திருக்கிறது. 2021-இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்த இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களை விண்டேஜ் வண்டிகளாகப் பதிவுசெய்யலாம்; எண் பலகையில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். சேசிஸ், பாடி ஷெல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. அதாவது மூன்று உறுப்புகளைச் சட்டம் சாரமாகவும் மற்றவற்றை மேற்பூச்சாகவும் கொள்கிறது. நிர்வாகத்துக்கு இப்படி ஒரு கோடு தேவைதான். மெய்யியலுக்கு இது போதாது. பென்ஸ் 180-இல் சேசிஸும் பாடியும் ஒரே கூடாக அமைந்தவை. அதில் சேசிஸ் எங்கே முடிகிறது, பாடி எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் காட்ட இயலாது.

திருவனந்தபுரத்துக் கோயிலோ சட்டத்தைவிடத் துணிச்சலான விடையைத் தன் வரலாற்றிலேயே வைத்திருக்கிறது. மரபுப்படி, பழைய மூலத் திருமேனி இலுப்பை மரத்தால் ஆனது. 1686-இல் கோயில் தீக்கு இரையானது. 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அனிழம் திருநாள் காலத்தில் கண்டகி ஆற்றுச் சாளக்கிராமங்கள் 12,008-ஐ வைத்துக் கடுசர்க்கரை யோகம் என்னும் கலவையால் இன்றுள்ள அனந்தசயனத் திருமேனி உருவாக்கப்பட்டது. மரம் போய்ச் சாளக்கிராமமும் கடுசர்க்கரையும் வந்தன. சட்டத்தின் அளவுகோலை வைத்தால் இது முழு மாற்றம். ஆயினும் நம்மாழ்வார் திருவாய்மொழியின் பத்தாம் பத்தில் பாடிய அனந்தபுரத்துப் பெருமாள் வேறு, இன்று கிடந்த கோலத்தில் காட்சி தருபவர் வேறு என்று எந்த அடியவரும் எண்ணுவதில்லை. ஆகம, தந்திர முறைகளில் திருப்பணி நடக்கும்போது சான்னித்தியத்தைக் கலசத்துக்கோ பாலாலயத்துக்கோ மாற்றிவைத்து, பணி முடிந்ததும் மீண்டும் நிலைநிறுத்துவார்கள். பொருள் மாறும்; உறவு அறுவதில்லை. வழிபடுவோர் இருக்கும்வரை தொடர்ச்சி நிற்கிறது.

காருக்குப் பிரதிஷ்டை இல்லை. ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் இட்டு மாலை போடுவதும், புது வண்டியைப் பழவங்காடி கணபதி கோயில் முன் நிறுத்தித் தேங்காய் உடைப்பதும் காரைத் தெய்வமாக்கிவிடா. தொழிலுக்கு உதவும் கருவிக்கு நன்றி சொல்லும் செயல்கள் அவை. பழைய காரில் தொடர்ச்சியைத் தாங்குவது மனித நினைவு மட்டுமே. நினைவு எப்படிப்பட்டது என்ற வினா அதனால் இங்கே தவிர்க்க முடியாததாகிறது.

பக்தி மரபில் நினைவுக்கு உயர்ந்த இடம் உண்டு. பாகவதம் சொல்லும் ஒன்பது வகைப் பக்தியில் கேட்டலுக்கும் பாடுதலுக்கும் அடுத்து வருவது நினைத்தல். அதே நினைத்தலைக் கீதையின் இரண்டாம் அத்தியாயம் அழிவின் முதல் கண்ணியாகக் காட்டுகிறது. புலன் நுகரும் பொருளை நினைத்துக்கொண்டே இருந்தால் பற்று பிறக்கும். பற்றிலிருந்து ஆசை, ஆசையிலிருந்து சினம், சினத்திலிருந்து மயக்கம், மயக்கத்திலிருந்து நினைவு பிறழ்தல். நினைவில் தொடங்கிய சங்கிலி நினைவின் கேட்டுக்கு வந்து சேர்கிறது என்பது ஆழ்ந்து கவனிக்கத்தக்கது. பழைய கார்களைப் பற்றிய ஏக்கத்தில் இது கண்கூடு. அம்பாசிடரின் அகன்ற பின்சீட்டில் குடும்பம் முழுவதும் ஏறிக் கன்னியாகுமரி போனது, பிரீமியர் பத்மினியின் ஸ்டியரிங் ஓரத்துக் கியர், ஹெரால்டின் முன்பக்கம் முழுவதும் மேலே திறக்கும் பானெட், வெயிலில் காய்ந்த ரெக்ஸின் மணம் ஆகியவை நினைவில் துலங்குகின்றன. மலையேற்றத்தில் ரேடியேட்டர் கொதித்து வழியோரம் நின்றது, மழையில் செல்ஃப் எடுக்காமல் தள்ளியது, உதிரி பாகத்துக்கு வாரக்கணக்கில் காத்திருந்தது ஆகியவை மங்கிவிடுகின்றன. ஒரு கார் வாங்கப் பதிவுசெய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது என்பதும், பெரும்பாலோர் அந்தக் கார்களைத் தெருவில் நின்று பார்த்ததோடு சரி என்பதும் மறந்துபோகின்றன. இத்தகைய ஏக்கத்தில் நேசிக்கப்படுவது கார் ஆகாது. அதன் கண்ணாடியில் ஒருகாலத்தில் தெரிந்த தன் இளமை முகமே நேசிக்கப்படுகிறது. திருக்குறளின் துறவு அதிகாரமும் நம்மாழ்வாரும் நான், எனது என்ற இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தே களையச் சொன்னது இதனால்தான். ‘எனது’ என்று பிடித்துவைத்த பொருளுக்குள் ‘நான்’ குடியிருக்கிறது.

ஏக்கம் வேறு, பேணுதல் வேறு. ஏங்குபவர், பேணுபவர் இருவர் மனத்திலும் அன்பு ஒரேபோல் தோன்றினாலும் செயலில் பிரித்தறியலாம். ஏங்குபவருக்குக் காரின் பழைய தோற்றம் போதும். பேணுபவர் ஆயில் மாற்றுகிறார், ரப்பர் பீடிங் வெடித்திருக்கிறதா என்று பார்க்கிறார், வாரத்தில் ஒருமுறையாவது எஞ்சினை ஓடவிடுகிறார். அவர் கவனம் காரின் இன்றைய நிலையில் இருக்கிறது. பல லட்சம் மைல் ஓடிய கார் அப்படி ஓடக் காரணம் நினைவு மட்டும் இல்லை. ஒவ்வொரு நாளும் கிடைத்த கவனிப்பு. கோயிலில் நித்திய பூஜை எப்படித் தொடர்ச்சியைக் காக்கிறதோ, அதே ஒழுங்கு இங்கே எளிய அளவில் வேலை செய்கிறது.

உடைமை பற்றிய இரண்டாம் வினாவுக்கும் இதிலிருந்து வழி பிறக்கிறது. 2020 ஜூலை 13 அன்று உச்ச நீதிமன்றம் பத்மநாபசுவாமி கோயில் வழக்கில் அரச குடும்பத்தின் நிர்வாக உரிமையை உறுதிசெய்தது. உடைமை தெய்வத்தினுடையது, பேணும் கடமை குடும்பத்தினுடையது என்பதே அந்த உரிமையின் இயல்பு. பேணும் உரிமை சொந்த உரிமையைவிடக் கடினமானது. சொந்தக்காரர் தன் பொருளை விற்கலாம், பாழடிக்கலாம். பேணுபவருக்கு அந்த இரண்டு சலுகையும் இல்லை. புதிய கார்களுக்கு ஈடாகப் பழைய காரைத் தர மறுத்த செயலை இந்த நோக்கில் பார்த்தால் அதன் முகம் மாறுகிறது. மாற்றிக்கொள்ள மறுத்தவர் லாபத்தை மறுத்தார். பற்றாளர் மறுப்பதும் பேணுபவர் மறுப்பதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் என்பது உண்மை. கொடுக்கும் வேளை வரும்போதுதான் இருவரும் வேறுபடுவார்கள்.

வாகனத்தைக் கொடுப்பதற்குத் தமிழர் அறிந்த தலைசிறந்த சான்று பாரி முல்லைக்குத் தேர் ஈந்தது. அங்கே தேர் தேராகப் பயன்படுவது நின்றுவிட்டது. கொடைக்கு அது சிகரம், பேணுதலுக்கு அது முன்மாதிரி ஆகாது. பழைய காரை அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பது இதற்கு ஒருவகையில் நெருக்கமானது. கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு பெயரால் விளங்கும் கார் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் வண்டிகள் பாதுகாப்பாக நிற்கின்றன, பள்ளிப் பிள்ளைகள் வந்து கற்கிறார்கள். ஓடுவதற்கென்று பிறந்த பொருளுக்கு நிற்பது பாதி வாழ்வுதான். ஓட்டிப் பேணக்கூடிய இன்னொருவர் கைக்குப் போவதே வரிசை அறாமல் இருக்கச் சிறந்த வழி. விண்டேஜ் விதிகள் அதற்கு இடம் தருகின்றன; வாங்குபவரும் விற்பவரும் தத்தம் போக்குவரத்து அதிகாரிகளுக்குத் தெரிவித்தால் போதும். வணிகப் பயன்பாடும் அன்றாட ஓட்டமும் மட்டும் தடை.

‘சிஏஎன் 42’-க்கும் அந்த வழிதான் வகுக்கப்பட்டது. உத்திராடம் திருநாளின் மறைவுக்குப் பின் பட்டம் அரண்மனையில் குடும்பத்தாரால் பராமரிக்கப்பட்ட காரை, அவர் உயிரோடு இருந்தபோது தெரிவித்த விருப்பப்படி, நண்பரும் தொழிலதிபருமான எம்.ஏ. யூசுப் அலிக்கு வழங்க முடிவுசெய்திருப்பதாக 2022-இல் செய்தி வெளியானது. விலைக்கு மறுக்கப்பட்ட கார் அன்பளிப்பாகக் கைமாற இருந்தது. பத்மநாபரின் அடியவர் ஒருவர் பேணிய பொருளை அடுத்துப் பேணத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் வேறு சமயத்தைச் சேர்ந்தவர்.