அறிதலும் மலையும்

அறிவைத் தேடுவது நன்று என்பதாலேயே அதற்கான செயல்கள் எல்லாம் நன்றாகிவிடுமா? போடிநாயக்கனூர் மேற்கு மலைகளை ஒட்டிய பொட்டிபுரத்தில் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகம் இந்தக் கேள்வியைக் கண்முன் நிறுத்துகிறது.

நியூட்ரினோ பொருளுடன் மிக அரிதாகவே வினைபுரியும் துகள். வானிலிருந்து பொழியும் மற்றத் துகள்களைத் தடுத்து அதை மட்டும் ஆராய, எல்லாத் திசையிலும் சுமார் 1 கிலோமீட்டர் பாறைக் கவசம் வேண்டும். 1965-இல் கோலார் தங்கச் சுரங்கத்தில் வளிமண்டல நியூட்ரினோ பதிவானது அந்த வழியில்தான். பொட்டிபுரத்தில் அம்பரப்பர் மலையைக் குடைந்து, 50,000 டன் காந்தமேற்றிய இரும்புக் கருவியை நிறுவ அறிவியலாளர்கள் திட்டமிட்டனர். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது.

நீர், மேய்ச்சல், பாறைவெடிப்பு பற்றிய அச்சத்தால் ஊரார் எதிர்த்தனர். மதிகெட்டான் சோலைக் காட்டை ஒட்டிய புலிகளின் வழித்தடத்தைக் காட்டி, 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் திட்டத்துக்கு மறுப்புத் தெரிவித்தது.

இங்கு மோதுபவை அறிவும் அறியாமையும் அல்ல, இரண்டு நன்மைகள். துகளின் இயல்பை அறிவது மனித குலம் முழுவதற்கும் உரிய பேறு. அதற்கான இழப்போ ஒரு மலையடிவாரத்தின் மேல் விழுகிறது. பயன் பரந்தும் சுமை குறுகியும் இருக்கும்போது, சுமப்பவரின் இசைவே செயலை அறமாக்கும். வல்லுநரின் உறுதிமொழி அந்த இசைவுக்கு ஈடாகாது. ஊரின் அச்சமும் ஆய்வுக்கு விடையாகாது.

திருக்குறளின் தெரிந்துசெயல்வகை அதிகாரம் இழப்பையும் ஆக்கத்தையும் பின்விளையும் ஊதியத்தையும் எண்ணிச் செய்யச் சொல்கிறது. அந்த எண்ணலில் மலையடிவாரத்து மக்களும் அமர்ந்திருக்க வேண்டும். அதுவே அறிவியலுக்கும் அறம்.