சூட்டில் நிற்கும் காரும் ஆளுக்கொரு வைத்தியமும்

மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 2014 வரை தயாரான அம்பாசிடர் போன்ற கார்களில், கார்புரேட்டர் பொருத்திய பழைய பெட்ரோல் வண்டி ஒன்று உச்சிவெயிலில் திடீரென நின்று, அரை மணி நேரம் கழித்து ஒன்றும் நடவாதது போலக் கிளம்பினால், சுற்றி நிற்பவர் அனைவரும் மெக்கானிக்காகிவிடுகின்றனர். ஒரு சாரார் இதை ‘வேப்பர் லாக்’ என்பர். அதாவது, எஞ்சினை ஒட்டிய பம்பும் குழாயும் சூடேறிப் பெட்ரோல் ஆவியாகிவிட, திரவத்தைத் தள்ளவே அமைந்த பம்ப் ஆவியைத் தள்ள இயலாமல் தவிக்கும் நிலை. மற்றொரு சாரார், பேட்டரியின் 12 வோல்ட்டைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்தி ஸ்பார்க் பிளக்கில் தீப்பொறி எழச் செய்யும் கம்பிச்சுருளான இக்னிஷன் காயிலே சூட்டில் செயலிழந்தது எனச் சாதிப்பர். பம்பின் மீது ஈரத்துணி சுற்றியவரும் காயிலை மாற்றியவரும் தத்தம் வைத்தியமே பலித்தது என்பதில் பொய்யில்லை. இடைப்பட்ட நேரத்தில் இரண்டுமே ஆறிவிடுகின்றன என்பதுதான் சிக்கல். (ஈரத்துணிக்குச் செலவில்லை என்பதால் அதன் ஆதரவாளர் சற்று மிகுதி.)

வழக்கைத் தீர்க்கும் சோதனை, வண்டி நின்ற அந்தச் சில நிமிடங்களில் மட்டுமே கூடும். பிளக் ஒன்றைக் கழற்றி, வயரோடு இணைத்து, பெட்ரோல் கசிவு இல்லாத பக்கமாக எஞ்சினின் உலோகத்தில் படவைத்து, மற்றொருவர் செல்ஃப் போடும்போது நீலப்பொறி பளிச்சென எழுந்தால் ஐயம் பெட்ரோல் வழியின் மீதும், பொறி மங்கினாலோ எழாவிட்டாலோ மின்சுற்றின் மீதும் திரும்பும். அப்போதும் காயிலையே குற்றவாளியாக்க இயலாது; மின்சாரத்தைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் டிஸ்டிரிபியூட்டருக்குள் கட்டைவிரல் அளவே உள்ள கண்டென்சர் என்னும் மின்தேக்கியும் சூட்டில் இதே போல் மயங்கக்கூடியது.