குணக்கேடும் ஆளுமைக் கோளாறும் – ஒரு நோக்கு

ஒருவரைப் பற்றி நாம் சொல்லும் வார்த்தைகளுள் மிக இலகுவாக வாயில் வருவது “அவன்ரை குணம் சரியில்லை” என்பதாகும். எல்லை வேலிப் பிரச்சினை, சீதனப் பேச்சு, சகோதரர்களுக்கிடையிலான காணிப் பிணக்கு என எதுவாக இருந்தாலும் கடைசியில் இந்த ஒரு வசனத்தில் வந்து நிற்பதைக் காணலாம். காய்ச்சல் வந்தவனை இரக்கத்துடன் பார்க்கிறோம். சித்தம் கலங்கியவனையும், சற்றுப் பயத்துடன் என்றாலும், நோயாளி என்று ஒத்துக்கொள்கிறோம். ஆனால் புத்தி தெளிவாக இருந்தும், யாரோடும் ஒத்துப்போக முடியாமல், தானும் வெந்து வீட்டாரையும் வேகவைக்கும் ஒருவரை என்னவென்று கொள்வது? நோயாளி என்றா, கெட்டவர் என்றா? மருத்துவர்கள் இருநூறு வருடங்களுக்கு மேலாகத் தமக்குள் வாதாடி வரும் இக்கேள்வி, நமது கிராமத்துத் திண்ணைகளுக்கும் உரியதே என்பதால் இங்கு சிறிது நோக்குவோம்.

பிரான்ஸ் நாட்டு வைத்தியர் பினெல் 1801ஆம் ஆண்டில், சிந்தனையில் குழப்பம் இல்லாமலே நடத்தையில் மட்டும் கட்டுப்பாடிழந்த நோயாளிகளைப் பற்றி எழுதினார். 1835இல் இங்கிலாந்தின் பிரிச்சார்ட் இதனையொத்த நிலைகளுக்கு ‘ஒழுக்கப் பைத்தியம்’ என்ற கருத்துப்பட ஒரு பெயரிட்டார். பெயரிலேயே வைத்தியரும் நீதவானும் ஒரே கதிரையில் அமர்ந்திருப்பதைக் கவனிக்கவும். பின்னர் 1923இல் ஜேர்மனிய உளமருத்துவரான கேட் ஷ்னைடர், அசாதாரண ஆளுமை காரணமாகத் தாமே துன்புறுவோர் அல்லது பிறரைத் துன்புறச் செய்வோர் என்று இவர்களை வரையறுத்தார். இவ்வரையறையில் உள்ள ‘அல்லது’ என்ற சொல்லில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. தான் துன்புறுபவர் வைத்தியரிடம் தாமாகச் செல்வார். பிறரைத் துன்புறுத்துபவரை மற்றவர்களே இழுத்துச் செல்ல வேண்டும். இருவருக்கும் ஒரே பெயர் சூட்டுவது நியாயமா?

பிரித்தானிய சமூக ஆய்வாளர் பார்பரா வூட்டன் 1959இல் இதனை வேறொரு வழியில் கேட்டார். இவன் ஏன் இப்படித் தீங்கு செய்கிறான் என்றால், அவனுக்குக் கோளாறு இருக்கிறது என்கிறீர்கள். கோளாறு இருப்பது எப்படித் தெரியும் என்றால், அவன் தீங்கு செய்வதைக் காட்டுகிறீர்கள். இது செக்குமாட்டுத் தர்க்கமல்லவா? இந்த வாதத்துக்கு முழுமையான பதிலை உளமருத்துவம் இன்றுவரை அளித்துவிட்டது என்று கூறமுடியாது. எனினும் ஓரளவு பதில் உண்டு. அது ஆளுமையை மதிப்பிடும் முறையில் இருக்கிறது. அந்த முறை தவறினால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு போதிய சான்றாகும்.

1976ஆம் ஆண்டு நவம்பர் மாதம் டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகரில், வீதியில் வாகனமொன்றை மறித்த பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று பகல் அவ்வாகனத்தில் பயணித்திருந்த ரண்டல் டேல் ஆடம்ஸ் என்பவர் மீது, உடனிருந்த 16 வயது இளைஞன் பழியைச் சுமத்தினான். ஆடம்ஸ் வன்முறைக் குற்றப் பதிவு எதுவும் இல்லாதவர். டெக்சாஸ் சட்டப்படி மரணதண்டனை விதிப்பதாயின், குற்றவாளி எதிர்காலத்திலும் வன்செயல் புரிந்து சமூகத்துக்கு ஆபத்தாக இருக்கக்கூடியவர் என்று ஜூரிமார் தீர்மானிக்க வேண்டும். அதற்காக அரச தரப்பு அழைத்தவர்களுள் ஒருவர் ஜேம்ஸ் கிரிக்சன் என்னும் உளமருத்துவர். இவர் சிறைக்குச் சென்று ஆடம்ஸைச் சந்தித்தார். சில உருவங்களைப் பார்த்து வரையச் சொன்னார். உருளும் கல்லில் பாசி படியாது என்பது போன்ற ஓரிரு பழமொழிகளுக்குப் பொருள் கேட்டார். குடும்பத்தைப் பற்றிச் சிறிது விசாரித்தார். ஆடம்ஸ் பிற்காலத்தில் கூறியபடி எல்லாம் கால் மணித்தியாலம் அல்லது சற்றுக் கூடுதலான நேரத்தில் முடிந்துவிட்டது. அதனை வைத்துக்கொண்டு, இவர் மனச்சாட்சியற்ற ஆளுமை உடையவர், இனியும் கொலை செய்யக்கூடியவர் என்று நீதிமன்றில் சாட்சியம் அளிக்கப்பட்டது. 1977இல் மரணதண்டனை விதிக்கப்பட்டது. 1979இல் தண்டனை நிறைவேற்றப்படுவதற்கு மூன்று நாட்கள் இருக்கையில் உயர் நீதிமன்ற நீதியரசர் ஒருவர் அதனை இடைநிறுத்தினார்.

ஆடம்ஸ் அக்கொலையைச் செய்யவில்லை. ஏரல் மொரிஸ் என்பவர் 1988இல் வெளியிட்ட ஆவணப்படத்தின் பின் வழக்கு மீண்டும் கிளறப்பட்டு, 1989இல் அவர் விடுதலையானார். 2010இல் இறக்கும் வரை அவர் எவருக்கும் ஆபத்தாக இருக்கவில்லை. அவர்மீது பழி சுமத்திய இளைஞனோ பின்னர் வேறொரு கொலைக்காக மரணதண்டனை பெற்றான். நூற்றுக்கும் மேற்பட்ட வழக்குகளில் இவ்வாறு சாட்சியமளித்த கிரிக்சனை 1995இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தனது அங்கத்துவத்திலிருந்து நீக்கியது. ஆளை நேரில் பரிசோதியாமலே சில வழக்குகளில் நோய் கூறினார், எதிர்காலத்தை நூற்றுக்கு நூறு நிச்சயமாகக் கூறினார் என்பனவே அவர்மீதான குற்றச்சாட்டுகள். இவற்றுள் இரண்டாவதே பெரிய குற்றம் என்பது என் அபிப்பிராயம். முதலாவதைச் சோம்பல் என்றாவது சொல்லலாம்.

அப்படியாயின் சரியான முறை யாது? முதலாவது காலம். உலக சுகாதார ஸ்தாபனத்தின் இன்றைய வகைப்பாட்டின்படி, ஒருவரின் சிரமம் குறைந்தது இரண்டு வருடங்களாவது நீடித்திருக்க வேண்டும். அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கைந்நூல், இளமைப் பருவத்திலேயே அது தொடங்கியிருக்க வேண்டும் என்கிறது. சமூக விரோத ஆளுமை என்று கூறுவதற்கு வயது 18 நிறைந்திருக்க வேண்டும். 15 வயதுக்கு முன்னரே நடத்தைக் கோளாறு தென்பட்டிருக்கவும் வேண்டும். அடுத்தது இடம். வீட்டில் மட்டும் சிடுசிடுப்பவர், கந்தோரில் எல்லோருக்கும் நல்லவர் என்றால், அவருக்கு ஆளுமைக் கோளாறு என்று முடிவுகட்டுமுன் அந்த வீட்டில் என்ன பிரச்சினை என்று பார்க்க வேண்டும். ஆகவே பரிசோதிப்பவர் ஒருவரது வாயை மட்டும் நம்பாமல், அவரை நெடுநாள் அறிந்தவர்களிடமும் கேட்கிறார். பல நூறு வாக்கியங்களுக்கு ஆம், இல்லை என்று விடை எழுதும் வினாக்கொத்துகளும் இருக்கின்றன. அவை வாசலில் நின்று ஆட்களைப் பிரித்து அனுப்ப உதவுமேயன்றித் தீர்ப்புச் சொல்லப் போதியவை அல்ல.

மனச்சோர்வில் மூழ்கியிருக்கும் ஒருவரிடம் கேட்டால் தன் வாழ்நாள் முழுவதையும் கறுப்பாகவே சொல்லுவார். குடி தலைக்கேறிய காலத்துக் குணம் குடியினுடையது. தலையில் அடிபட்ட பின் குணம் மாறியவருக்கு மூளையையே முதலில் பார்க்க வேண்டும். இவையெல்லாம் கழிந்த பின்னர் எஞ்சி நிற்பதே ஆளுமை பற்றிய கேள்வி.

பண்பாடும் இங்கே நினைக்கத்தக்கது. திருமணமாகிப் பிள்ளைகள் பெற்ற பின்னும் முக்கிய காரியங்களைத் தாய் தகப்பனிடம் கேட்டே செய்பவர் நம்மிடையே நல்ல பிள்ளை. மேலைநாட்டு வினாக்கொத்தொன்றில் அதே பதில், பிறரில் தங்கியிருக்கும் ஆளுமையின் பக்கம் ஒரு புள்ளியைக் கூட்டக்கூடும். இதனாலேயே ஒருவரது சொந்தச் சமூகத்தின் எதிர்பார்ப்பிலிருந்து வெகுவாக விலகியிருந்தால் மட்டுமே கோளாறு என்று கொள்ள வேண்டும் என மேற்படி கைந்நூல் நிபந்தனை விதிக்கிறது. ஆயினும் இந்த நிபந்தனைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வோரும் உண்டு. பெண்சாதியை அடிப்பவனை “எங்கடை ஊரிலை ஆம்பிளையள் அப்பிடித்தான்” என்று மூடிவைப்பது பண்பாடு ஆகாது.

இந்த மண்ணுக்கு உரிய இன்னொரு விடயமும் உண்டு. முன்னர் கலகலப்பாக இருந்த ஒருவர், ஷெல்லடியும் இடப்பெயர்வும் சாவும் கண்டபின் எவரையும் நம்பாதவராக, எரிந்துவிழுபவராக, மூலையில் ஒதுங்குபவராக மாறியிருக்கலாம். அவரை ‘குணம் கெட்டவர்’ என்பது பெரும் அநியாயம். 1990இல் ஏற்கப்பட்ட பழைய உலக வகைப்பாட்டிலேயே, பேரழிவு அனுபவத்தின் பின் நிலைத்துவிடும் ஆளுமை மாற்றம் என ஒரு தனிப் பிரிவு இருந்தது. இப்போதைய வகைப்பாட்டில் அத்தகைய நிலைகள் பலவற்றை நெருக்கீட்டின் பின்னான சிக்கலான உளக்கோளாறு என்ற தலைப்பில் பார்க்கிறார்கள். பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்கள் யுத்தம் எம்மவர் மனங்களில் ஏற்படுத்திய வடுக்களைப் பற்றி 1998இல் ஆங்கிலத்தில் ஒரு நூலே வெளியிட்டிருக்கிறார். எனவே இங்கு ஒருவரின் குணத்தை மதிப்பிடப் புகுபவர், “இவர் எப்போதுமே இப்படியா, எந்த வருடத்திலிருந்து இப்படி?” என்று கேட்காமல் அடுத்த கேள்விக்குப் போகக்கூடாது.

சரியாக மதிப்பிட்டுச் சூட்டிய பெயரும் தீங்கு செய்யலாம். லூயிஸ், அப்பிள்பி ஆகிய இருவர் 1988இல் பிரித்தானியாவில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரே நோயாளியின் விவரத்தை உளமருத்துவர்களிடம் கொடுத்து, சிலருக்குக் கொடுத்த தாளில் மட்டும் இவருக்கு முன்னர் ஆளுமைக் கோளாறு எனக் கூறப்பட்டது என்று சேர்த்திருந்தனர். அந்தத் தாளைப் பெற்றவர்கள் அந்நோயாளியைத் தொந்தரவானவர், கவனிப்புக்கு அவ்வளவு தகுதியற்றவர் என்று கருதினர். படித்த வைத்தியர்களே அப்படி! அரச கந்தோர்களில் கோவைகளுடன் காலம் கழித்தவர்களுக்கு இது ஆச்சரியம் தராது. ஒருவரின் கோவையில் யாரோ எழுதிய ஒரு வரி, அவர் இடமாற்றம் பெற்றுப் போகுமுன்னரே புதிய கந்தோருக்குப் போய் அவருக்காகக் காத்திருக்கும். நமது பேச்சிலும் ‘அங்கொடை’ என்பது அப்படி ஒரு வரிதான். அவ்வைத்தியசாலை தேசிய மனநல நிறுவகம் எனப் பெயர் மாறிவிட்டது, ஏச்சு மாறவில்லை.

2019இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக வகைப்பாடு இவ்விடயத்தில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. முன்னர் சந்தேக ஆளுமை, தன்மோக ஆளுமை எனப் பல பெட்டிகள் இருந்தன. அமெரிக்கக் கைந்நூலில் இன்றும் பத்துப் பெட்டிகள் உள்ளன. புதிய உலக வகைப்பாடோ ஆளுமைக் கோளாறு என்ற ஒரே பெயரை வைத்து, அது இலேசானதா, நடுத்தரமானதா, கடுமையானதா என்றே முதலில் கேட்கிறது. கோளாறு என்ற அளவுக்கு வராத ‘ஆளுமைச் சிரமம்’ என்பதற்கும் அதில் இடமுண்டு. நம்மில் பலர் அந்த வாசலில் ஒரு காலை வைத்திருப்பவர்களே. இவன் எந்த வகைப்பட்டவன் என்பதை விட்டு, இவன் எவ்வளவு சிரமப்படுகிறான், உறவுகளில் எங்கே இடறுகிறான் என்று கேட்பது, வூட்டன் அம்மையார் காட்டிய செக்கிலிருந்து மாட்டைச் சற்று அவிழ்த்துவிடுகிறது.

இனி, கோளாறு என்று ஒத்துக்கொண்டால் செய்த தீங்குக்கு அவர் பொறுப்பில்லையா? தமது மகன் பொருட்களை அடித்து உடைக்கும் வீட்டில் இது வெறும் தத்துவக் கேள்வி அல்ல. தகப்பன் “திமிர்” என்கிறார். தாய் “பாவம், வருத்தம்” என்கிறார். இருவருக்கும் நடுவில் பிள்ளை இன்னும் கெடுகிறான். இங்கிலாந்தில் இத்தகையோருக்கான சிகிச்சைக் குழுவில் பணியாற்றிய ஹன்னா பிக்காட் என்ற தத்துவ அறிஞர், பொறுப்பையும் பழியையும் பிரித்துப் பார்க்கச் சொல்கிறார். “இதைச் செய்தது நீதான், உதவியுடன் நீ வேறுவிதமாகவும் நடக்கலாம்” என்று சொல்வது பொறுப்பை உணர்த்துதல். அதனை வெறுப்பும் இளக்காரமும் இல்லாமல் சொல்வதே பழியை விடுதல். பொறுப்பே இல்லை என்றால் மாறவும் முடியாது என்றாகிவிடும். பழி மட்டும் சுமத்தினால் ஆள் வைத்தியத்தையே விட்டு ஓடிவிடுவார். மேற்படி தகப்பனும் தாயும் ஆளுக்குப் பாதி சரி என்றே எனக்குத் தோன்றுகிறது.

இவ்வாறு நடந்தால் பலன் உண்டா? மார்ஷா லினெஹன் என்ற பெண் 1961இல், தமது 17ஆவது வயதில், அமெரிக்காவின் ஹாட்போட் நகர மனநல வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார். தம்மைத் தாமே வெட்டியும் சுட்டும் காயப்படுத்திக்கொண்ட அவரை நீண்ட நாட்கள் தனியறையில் அடைத்தனர். நோயையும் பிழையாகவே கணித்தனர். பின்னர் உளவியல் கற்றுப் பேராசிரியரான அவர், இயல்பை ஏற்றுக்கொள்வதையும் மாறப் பழகுவதையும் ஒன்றாகக் கற்பிக்கும் சிகிச்சை முறையொன்றை உருவாக்கினார். அதன் முதற் பரிசோதனை முடிவு 1991இல் வெளிவந்தது. எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறுக்கு இன்று உலகெங்கும் பயன்படும் சிகிச்சை அது. தாமும் ஒருகாலத்தில் அந்தக் கட்டிலில் கிடந்தவர் என்பதை அவர் 2011இல், அதே வைத்தியசாலைக்குச் சென்றே வெளிப்படையாகக் கூறினார்.

அந்தக் கோளாறு மாறாது என்று முன்னர் கைவிடப்பட்டவர்களுள் 290 பேரை அமெரிக்காவின் மக்லீன் வைத்தியசாலையில் பத்து வருடங்கள் தொடர்ந்து கவனித்து, 2010இல் முடிவை வெளியிட்டனர். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் நோய்க்குறிகள் குறைந்து, குறைந்தது இரண்டு வருடங்கள் அவ்வாறே இருந்தனர். ஆனால் அத்துடன் ஒழுங்கான வேலையும் நிலையான ஓர் உறவும் பெற்று முழுமையாகத் தேறியவர்கள் பாதிப் பேரே. மற்றவர்களுள் பெரும்பாலானோருக்கு நோய் தணிந்துவிட்டது. ஒரு தொழிலோ, வந்து கதைத்துப்போக ஒரு ஆளோதான் கிடைக்கவில்லை.