வஜ்ஜிரமும் வாக்கும்

ஒட்டுவதைவிடப் பிரிப்பதற்குத்தான் பொறுமை வேண்டும். கிதார் பழுதுபார்க்கும் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அக்கவுஸ்டிக் கிதாரில் கம்பிகள் வந்து முடியும் பிரிட்ஜ் என்ற மரத்துண்டு, பெரும்பாலும் வெறும் பசையால்தான் மேல்பலகையில் நிற்கிறது. ஆறு உலோகக் கம்பிகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ விசையோடு அதை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. வருஷம் போகப்போகப் பலகை வயிறு தள்ளும், பிரிட்ஜின் பின்விளிம்பு மெல்ல எழும். அப்போது பிரிட்ஜைச் சூடாக்கி, மெல்லிய கத்தியை ஓரத்தில் நுழைத்து, மரத்தின் இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்க வேண்டும். அவசரப்பட்டால் பசை விடாது, பலகைதான் பிய்ந்து வரும்.

இது முடியுமா முடியாதா என்பது, முதலில் ஒட்டியவர் என்ன பசை போட்டார் என்பதைப் பொறுத்தது. பழைய கிதார்களில் விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த பசை இருக்கும். நம் தச்சர்கள் வஜ்ஜிரம் என்பார்களே, அந்த வகை. வைரத்தின் பேர் வைத்திருக்கிறோம், ஆனால் சூடும் ஈரமும் பட்டால் இளகிவிடும். எபாக்சி ஒருமுறை இறுகினால் திரும்ப உருகாது. எபாக்சி போட்டவர், இனி இதை யாரும் திறக்க வேண்டியிருக்காது என்று பின்னால் வரப்போகிறவருக்கும் சேர்த்து முடிவெடுத்துவிடுகிறார்.

தஞ்சாவூர் வீணை இதில் இன்னும் ஒரு படி மேலே. அதன் 24 மெட்டுகளும் கரி கலந்த மெழுகில் உட்கார்ந்திருக்கின்றன. மெழுகு நெகிழும், சுருதி விலகும். அப்போது மெழுகைப் புதுப்பித்து, காதால் கேட்டு, மெட்டுகளைத் திரும்பப் பதிப்பார்கள். பழுது பார்ப்பது அங்கே அந்த வாத்தியத்தின் வாழ்க்கையிலேயே ஒரு பகுதி.

அப்படியென்றால் எதையும் பிரிக்கக்கூடியதாகச் செய்வதுதான் அறமா? மென்பொருள் எழுதுகிற எனக்கு உடனே ஆமாம் என்று சொல்லத் தோன்றும். பின்வாங்க வழியில்லாமல் எந்த மாற்றத்தையும் வெளியிடாதே என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். ஆனால் திருவாலங்காட்டுக்குப் பக்கத்துப் பழையனூரின் கதை அவ்வளவு சுலபமாக ஆமாம் சொல்ல விடுவதில்லை.

நீலி கதை நமக்குத் தெரியும். பழிவாங்க வந்த பேய், வணிகனின் மனைவி வேஷத்தில், கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்ச்சபையில் நிற்கிறது. இவள் என் மனைவி இல்லை, என்னைக் கொன்றுவிடுவாள் என்று வணிகன் கெஞ்சுகிறான். வேளாளர் எழுபது பேரும் அவளை நம்பி, அவளோடு போ, உன் உயிருக்கு எங்கள் உயிர் பிணை என்கிறார்கள். இரவில் அவன் சாகிறான். எழுபது பேரும் சொன்னபடி தீயில் இறங்குகிறார்கள்.

இதில் இரண்டு ஒட்டுகள் இருக்கின்றன. ஒன்று தீர்ப்பு, இன்னொன்று வாக்கு. வாக்கு இளகக் கூடாது. நாளைக்கு நிலைமை மாறினால் பார்க்கலாம் என்பது பிணையே ஆகாது. அந்த வகையில் எழுபது பேரும் வணங்கத்தக்கவர்கள்தான். ஆனால் தீர்ப்பு அவர்களுக்குத் தெரிந்த அளவை வைத்துச் செய்தது. தெரிந்தது கொஞ்சம். அன்று இரவு இருவரையும் தனித்தனியாகத் தங்கவைத்து, விடிந்ததும் மறுபடி விசாரித்திருக்கலாம். அந்தத் தீர்ப்பை வஜ்ஜிரத்தால் ஒட்டியிருக்க வேண்டும். தங்கள் வாக்கு உறுதியானது என்பதாலேயே தீர்ப்பும் உறுதியானது என்று நினைத்துவிட்டார்கள். பசை விடவில்லை, பலகைதான் பிய்ந்தது. எழுபது உயிர் போயும் வணிகனின் உயிர் திரும்பவில்லை.

வஜ்ஜிரத்துக்கும் விலை உண்டு. மே மாத வெயிலில் காருக்குள் விட்டுப்போன கிதாரின் பிரிட்ஜ் நழுவிவிடலாம். திருத்தக்கூடிய தீர்ப்பும் அப்படித்தான்: வழக்கு இழுக்கும், மேல்முறையீடு வரும், பாதிக்கப்பட்டவர் வருஷக்கணக்கில் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பின் வலியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் நமக்குத் தெரிந்ததை மட்டும் நம்பி எடுக்கிற முடிவு எதுவும் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். மரண தண்டனையை நான் ஏற்காததற்கு, இரக்கத்தைவிட முந்திய காரணம் இதுதான். குற்றவாளி நல்லவரா கெட்டவரா என்பதற்கு முன்னால், தீர்ப்புச் சொல்கிற நமக்கு எவ்வளவு தெரியும் என்ற கேள்வி இருக்கிறது.