தீண்டிய நஞ்சு யாருடையது?

சித்திரை வெயில் ஏறும்போது நன்னிலம் பக்கத்து வீடுகளில் ஒரு காட்சி தவறாமல் நடக்கும். கொல்லையில் விழுந்து கிடந்த மாங்காயைப் பையன் ஒருவன் கழுவாமல் கடித்துவிடுவான். மறுநாளோ அதற்கடுத்த நாளோ உதட்டோரம் வெந்து, கன்னம் சொரசொரவென்று தடித்து, அரிப்பு தாங்காமல் கண்ணாடி முன்னால் நிற்பான். “பால் பட்டுடுச்சு” என்பாள் பாட்டி. காம்பிலிருந்து வடியும் மாம்பாலைத்தான் அவள் சொல்கிறாள். தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தடவி, பயத்தமாவு போட்டுக் கழுவிவிடுவாள். பிறகு சாமி மாடத்திலிருந்து ஒரு சிட்டிகை திருநீறு எடுத்து அவன் நெற்றியில் இடுவாள். இதில் மருந்து எதுவரை, வழிபாடு எதிலிருந்து என்று அந்த வீட்டில் யாரும் கோடு போட்டுப் பார்ப்பதில்லை.

அதே பையன் வளர்ந்து வேலைக்காக அமெரிக்கா போனால், அங்கே பூங்காவுக்குள் நுழையும் முன்பே எச்சரிக்கைப் பலகை கண்ணில் படும். ‘பாய்சன் ஐவி’ என்ற கொடி. மூன்று மூன்று இலையாக இருக்கும், தொடாதே என்று சொல்லும். வர்ஜீனியாவில் குடியேறிய ஆங்கிலேயர் ஜான் ஸ்மித் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதன் கொப்புளத்தைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். ஊர் அந்நியமானாலும் செடி அவ்வளவு அந்நியமில்லை. மாவும் முந்திரியும் சேர்ந்த குடும்பம்தான் அதுவும். அதன் இலை, தண்டு, வேர் எல்லாவற்றிலும் ஓடும் எண்ணெய்க்கு ‘உருஷியால்’ என்று பெயர். ஜப்பானியர் மரப் பெட்டிகளுக்குப் பூசும் அரக்குப் பாலை ‘உருஷி’ என்பார்கள். அதிலிருந்து வந்த பெயர். மாங்காய்த் தோலில் உள்ளதும் முந்திரி ஓட்டுக்குள் இருப்பதும் அந்த எண்ணெய்க்கு உறவுமுறைதான்.

இந்த எண்ணெய் வேலை செய்யும் விதம் நின்று யோசிக்க வைக்கிறது. தேள் கொட்டினால் ஏறுவது போன்ற விஷம் இது இல்லை. அமிலம் போலத் தானே சுடுவதும் இல்லை. முதல் முறை படும்போது பலருக்கு ஒன்றுமே தெரியாது. ஆனால் உடம்பு அதை அந்நியன் என்று குறித்துக்கொள்கிறது. அடுத்த முறை பட்டதும், காவலுக்கு இருக்கும் வெள்ளணுக்கள் எண்ணெய் ஒட்டிய தோலையே எதிரி என்று நினைத்துத் தாக்குகின்றன. ஒன்றிரண்டு நாளில் சிவந்து, கோடு கோடாகத் தடித்து, நீர் கோத்துக் கொப்பளிப்பது அந்தப் போரின் விளைவு. அதே கொடியை மான் மேய்கிறது. அதன் பழத்தைப் பறவைகள் கொத்தித் தின்கின்றன. மனிதரிலும் சிலருக்கு எத்தனை முறை பட்டாலும் எதுவும் செய்வதில்லை. அப்படியானால் நஞ்சு இருப்பது செடியிலா, தொட்டவன் உடம்பிலா?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியைக் கேட்க வைப்பது சேங்கொட்டை. சேராங்கொட்டை என்றும் சொல்வார்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த, வறண்ட மலைக்காட்டு மரம் அது. காவிரிப் பாசன நாட்டில் அதைப் பார்ப்பது அரிது. இங்கே நாட்டு மருந்துக் கடை டப்பாவில் கறுத்த கொட்டையாகத்தான் அறிமுகம். ஊசியால் குத்தினால் கசியும் சாற்றைச் சுண்ணாம்போடு சேர்த்துத் துணியில் வைத்தால் எத்தனை வெளுப்புக்கும் போகாத கறுப்பு. சலவைத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக வீட்டுக்கொரு குறி போட்டது இதை வைத்துத்தான். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்குக் கழுத்துப் பட்டையும் இடுப்புத் துணியும் படும் இடத்தில் கொப்பளித்தது. குறி விழுந்த இடத்துக்கு நேராகத் தோல் வெந்திருந்ததைக் கண்டு மருத்துவர்கள் காரணத்தைப் பிடித்தார்கள். பாய்சன் ஐவிக்கு ஏற்கெனவே பழக்கப்பட்ட அமெரிக்க உடம்பு, முன்பின் பார்த்திராத சேங்கொட்டையையும் அடையாளம் கண்டுகொண்டது.

அதே கொட்டையைச் சித்த மருத்துவமும் ஆயுர்வேதமும் முறையாகச் சுத்தி செய்து உயர்ந்த மருந்தாக வைத்திருக்கின்றன. சரக சம்ஹிதை அதைக் காயகற்ப வரிசையில் சேர்க்கிறது. கொடிய நஞ்சும் முறையறிந்து கொடுத்தால் நல்ல மருந்தாகும், நல்ல மருந்தும் முறைதவறினால் நஞ்சாகும் என்பது அந்த நூலின் கருத்து. பொருளுக்கென்று தனியாக ஒரு தீமை கிடையாது. சேரும் இடத்தையும் அளவையும் முறையையும் பொறுத்ததே எல்லாம் என்று பழைய வைத்தியமும் சொல்கிறது, வெள்ளணுவை ஆராய்ந்த புதிய வைத்தியமும் சொல்கிறது.

கேரளத்தில் இதே இனத்து மரங்களைச் ‘சேரு’ என்பார்கள். சேரு பட்டு உடம்பு தடித்தவர் தான்றி மரத்தைத் தேடிப் போய் வலம் வரவேண்டும் என்பது அங்கே பழைய வழக்கம். திரிபலா சூரணத்தில் சேர்கிறதே, அந்தத் தான்றிக்காய் காய்க்கும் மரம்தான். கைகூப்பிச் சுற்றுவார்கள், தான்றி இலையை அரைத்துப் பூசுவதும் உண்டு. இரண்டு மூன்று வாரத்தில் தடிப்பு அடங்கும்.

சுற்றாவிட்டாலும் அடங்கும். இந்த ஒவ்வாமை பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தானே ஆறுவது. அப்படியிருக்க, வலம் வந்தது எதைக் குணப்படுத்தியது என்ற கேள்வியை நம்பிக்கை உள்ளவர்களும் நேர்மையாக எதிர்கொண்டாக வேண்டும். ஒரு பதில் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது. கூப்பிய கை சொறியாது. சொறியாத கொப்புளத்தில் நகத்து அழுக்கு ஏறாது, சீழ் பிடிக்காது. காத்திருப்பதைத் தவிர பெரிய வைத்தியம் இல்லாத ஒரு நோவுக்கு, காத்திருப்பதற்கான ஒரு வடிவத்தை அந்த மரம் கொடுத்தது. நோயை மரம் விரட்டியது என்று சொல்ல வேண்டியதில்லை. நோயாளியைத் தனியே விடவில்லை என்று சொல்லலாம். அதுவும் சின்ன விஷயமில்லை.

தான்றி மரம் நன்னிலத்துக்காரர்களை வேறொரு கதைக்குக் கூட்டிப் போகிறது. நளன் கதை. மகாபாரதத்தில், கலி புகுந்து நாடிழந்து காட்டில் அலையும் நளனைக் கார்க்கோடகன் என்ற பாம்பு தீண்டுகிறது. அவன் உருவம் மாறிப்போகிறது. ஆனால் அந்த நஞ்சு நளனை வருத்தவில்லை. அவனுக்குள் ஒளிந்திருந்த கலியைத்தான் எரித்துக்கொண்டே இருந்தது. காலம் வந்தபோது கலி அந்த நஞ்சைக் கக்கிக்கொண்டே வெளியேறித் தான்றி மரத்தில் ஒண்டிக்கொண்டான். ஒரே உடம்பில் ஒரே நஞ்சு. ஒருவனுக்கு வாதை, மற்றவனுக்குக் காப்பு. இதைவிடத் தெளிவாக அந்தக் கேள்வியைக் கதையாக்கிவிட முடியாது.

இந்தப் பக்கத்துக் கதையில் கலியின் இடத்தில் சனி நிற்கிறது. நளனுக்குச் சனி விட்ட இடமாகப் போற்றப்படும் திருநள்ளாறு, நன்னிலத்திலிருந்து எட்டிவிடும் தொலைவுதான். நளதீர்த்தத்தில் நல்லெண்ணெய் தேய்த்துத் தலைமுழுகி, உடுத்திய துணியைக் கழித்துவிட்டு, வேறு துணி மாற்றிக்கொண்டு சன்னதிக்குப் போவது அங்கே வழக்கமாக இருந்துவருகிறது. பாய்சன் ஐவி பட்டால் தோல் மருத்துவர் சொல்வதும் கிட்டத்தட்ட இதே வரிசைதான்: கழுவு, துணியை மாற்று, பழைய துணியைத் தனியே துவை. சடங்கு ஒவ்வாமைக்காக ஏற்பட்டது என்று யாரும் சொல்ல வரவில்லை. ஒட்டிக்கொண்டதை உதறிவிட்டுப் புதிதாக நிற்கவேண்டும் என்ற மனித உடம்பின் ஆசை ஒன்று. அது கோயிலிலும் மருத்துவமனையிலும் ஒரே அசைவாக வெளிப்படுகிறது.

இந்த இடத்தில் ஒரு கசப்பான விஷயத்தையும் பேசியாக வேண்டும். தோல் நோய் மற்ற நோய்களைப் போல் மறைவாக இருப்பதில்லை. ஊரே பார்க்கும். பார்க்கிற ஊர் வாயை மூடிக்கொண்டும் இருக்காது. “பாம்பை அடிச்ச பாவம்”, “நாகதோஷம்”, “எந்த ஜென்மத்துக் கர்மமோ” என்று தடித்த தோலின்மேல் ஒரு தீர்ப்பையும் எழுதிவிடும். கல்யாணப் பேச்சு நின்றுபோன பெண்களும், பந்தியில் தள்ளி உட்காரவைக்கப்பட்ட பிள்ளைகளும் இந்தத் தீர்ப்பைச் சுமந்திருக்கிறார்கள். பாய்சன் ஐவிக் கொப்புளத்தின் நீர்கூட அடுத்தவருக்கு ஒட்டாது. ஒட்டுவது கழுவாமல் விட்ட எண்ணெய் மட்டுமே. ஒட்டாத நோயை ஒட்டும் பாவமாக்குவது எந்தச் சாஸ்திரத்திலும் சேராது.

“சுந்தரர் கதையிலேயே இருக்கிறதே” என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது. நன்னிலத்துப் பெருங்கோயிலைப் பாடிய அதே சுந்தரர்தான். மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூரை விட்டுக் கிளம்பியதால் கண்ணிழந்தார். உடம்பிலும் பிணி கண்டது. வழியில் திருத்துருத்தியில், இன்றைய குத்தாலத்தில், வடகுளத்தில் மூழ்கி எழச் சொல்லி இறைவன் அருள, பிணி நீங்கியது என்கிறது பெரியபுராணம். தவறுக்கும் நோய்க்கும் முடிச்சுப் போடும் கதைதான் இது. ஆனால் அந்த முடிச்சைச் சுந்தரரே தன் விஷயத்தில் போட்டுக்கொண்டு, தன் ஆண்டவனோடு வழக்காடினார். ஊரார் அவரைச் சுட்டிக்காட்டித் தள்ளிவைத்ததாகக் கதை சொல்லவில்லை. தன்னைத் தான் கேட்டுக்கொள்ளும் கேள்வியை அடுத்தவன் முகத்தில் எறியும்போது அது பக்தியாக இருப்பதை நிறுத்திவிடுகிறது.

சம்பந்தர் வேறொரு பதில் வைத்திருக்கிறார். திருச்செங்கோட்டில் அவரோடு வந்த அடியார்களுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. இது இந்த நாட்டுக் காலத்தின் இயல்பு என்றார்கள் அவர்கள். யார் செய்த பாவம் என்று அங்கே விசாரணை நடக்கவில்லை. சம்பந்தர் திருநீலகண்டப் பதிகம் பாடினார். முன்செய்த வினைக்கு இந்த வினை என்று சொல்லிச் சொல்லி மாய்வதை அந்தப் பதிகம் ஏற்றுக்கொள்வதில்லை. உய்யும் வழியைத் தேடாமல் இருப்பது உங்களுக்குக் குறையல்லவா என்று கேட்கிறது. சோலை வைப்பதும் குளம் தொடுவதும்கூட அங்கே பேசப்படுகின்றன. கையால் செய்யவேண்டிய வேலை அது. ஆணையிட்டுச் சொல்லப்படும் பெயரோ நஞ்சைக் கண்டத்தில் நிறுத்தியவன் பெயர். ஆலகாலத்தை அவன் அழிக்கவில்லை, உள்ளே இறங்கவும் விடவில்லை. நடுவில் நிறுத்திவைத்தான்.

நிறுத்திவைப்பதுதான் வீட்டு வைத்தியத்தின் உயிரும். எண்ணெய் பட்ட சில நிமிடங்களுக்குள் சோப்பு போட்டு நிறையத் தண்ணீரில் கழுவிவிட்டால் பாதி வேலை முடிந்தது. வெறும் தண்ணீர் போதாது. எண்ணெய்ப்பசை அதற்கு அசையாது. பாட்டியின் தேங்காய் எண்ணெய் பாலை இளக்குகிறது, பயத்தமாவு அதை வாரிக்கொண்டு போகிறது. எண்ணெயோடு நிறுத்தி மாவை மறந்தால் பால் பரவத்தான் செய்யும். அரிவாள், மண்வெட்டி, செருப்பு எல்லாவற்றையும் கழுவவேண்டும்; கழுவாமல் ஒட்டியிருக்கும் எண்ணெய் நாள்பட்டும் வேலை காட்டும். செடியைக் கொளுத்தவே கூடாது, புகை நுரையீரலுக்குள் போகும். தடித்தபின் குளிர்ந்த ஈரத்துணி நல்லது. சுண்ணாம்பு, எருக்கம்பால், பச்சைப் பூண்டு போன்றவை வெந்த தோலை மேலும் வேகவைப்பவை.

கடையில் வாங்கும் காலமைன் பூச்சு ஏன் ரோஜா நிறத்தில் இருக்கிறது? துத்தநாக ஆக்சைடோடு கொஞ்சம் இரும்பு ஆக்சைடு சேர்ப்பதால். டெல்டா ஊர்களில் அக்கி கண்டால் குயவர் வீட்டுக்குப் போய் ‘அக்கி எழுதி’ வருவார்கள். குழைத்த காவியைத் தோலின்மேல் அவர் கோலமாக இழுப்பார். அந்தக் காவிக்கும் நிறம் தருவது இரும்பு ஆக்சைடுதான். ஈரம் காயக்காயத் தோல் குளிர்கிறது. எரிச்சலுக்குக் கொஞ்சம் இதம் கிடைக்கிறது. ஆனால் அக்கி ஒரு வைரஸ் நோய். மூன்று நாளுக்குள் மருத்துவரிடம் மாத்திரை தொடங்குவதே நல்லது. காவி எழுதிக்கொண்டு அந்த மூன்று நாளைக் கடத்திவிட்டால், வலி மாதக்கணக்கில் நிற்க இடமுண்டு. ஒவ்வாமையிலும் அப்படித்தான்: கண்ணருகில் வீங்கினாலும், மூச்சு இழுத்தாலும், காய்ச்சலோடு சீழ் வைத்தாலும் உடனே மருத்துவமனை. சேங்கொட்டையைத் தானே வாங்கித் தின்பதும் பூசுவதும் எந்த நாளும் வேண்டாம்.

தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி தன்வந்திரி மகாலில் நாட்டு வைத்தியரையும் மேனாட்டு மருத்துவம் அறிந்தவரையும் ஒரே கூரையின்கீழ் உட்காரவைத்தார். அங்கே தேர்ந்த முறைகளைச் ‘சரபேந்திர வைத்திய முறைகள்’ என்று சரஸ்வதி மகால் பிற்காலத்தில் அச்சிட்டது. நம்பிக்கையும் சோதனையும் ஒன்றையொன்று விரட்ட வேண்டியதில்லை என்பதற்கு இந்த மண்ணிலேயே இருக்கும் சாட்சி அது.

நன்னிலத்துக் கொல்லையில் அந்தப் பையனின் உதடு ஆறிவிட்டது. அடுத்த மாங்காயைப் பாட்டி தானே பறிக்கிறாள். காம்பைக் கிள்ளி, காயைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பால் சொட்டுச் சொட்டாக மண்ணில் இறங்குகிறது. கிணற்றடியில் இரண்டு தடவை கழுவி, தோல் சீவி, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு முதல் துண்டை அவன் கையில் கொடுக்கிறாள்.