கையில் இல்லாததை விற்பவரும், அவரை மாட்டிவிடத் துடிப்பவரும்

 

நம் பகுதியில் ஜும்ஆ முடிந்ததும் ஆலிம்களிடம் வரும் கேள்விகள் மாறிவிட்டன. முன்பெல்லாம் ஏலச்சீட்டு, ஒத்தி, நகைக்கடன் பற்றிக் கேட்பார்கள். இப்போது கைப்பேசியை நீட்டிக் கேட்கிறார்கள்: "ஹஜ்ரத், நாங்க வாங்கின பங்கை ஷார்ட் அடிச்சே கவுத்துட்டாங்க. கம்பெனி ஒரு டிவிடெண்ட் அறிவிச்சா அவங்க வசமா மாட்டுவாங்கன்னு குரூப்ல சொல்றாங்க. அதை நம்பி இன்னும் கொஞ்சம் வாங்கலாமா?"

கேட்பவர்கள் அச்சகத்திலும் பட்டாசுக் கடையிலும் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தை நாலு ரூபாய், ஐந்து ரூபாய் பங்குகளில் போட்ட இளைஞர்கள். "ஹராம், போ" என்று ஒரே சொல்லில் அவர்களை அனுப்பிவிடுவது நியாயமில்லை.

ஷார்ட் செல்லிங் என்பது தன்னிடம் இல்லாத பங்கை இன்றைக்கு விற்றுவிட்டு, விலை இறங்கிய பிறகு வாங்கி நேர்செய்வது. இது புதிய விஷயம் என்று நினைக்காதீர்கள். ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டதே ஏறத்தாழ இதுதான். ஒருவர் வந்து ஒரு பொருளைக் கேட்கிறார், அது என்னிடம் இல்லை, விற்றுவிட்டுப் பிறகு சந்தையில் வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்டார்கள். உன்னிடம் இல்லாததை விற்காதே என்பதே நபியவர்கள் தந்த பதிலின் கருத்து. திர்மிதியிலும் அபூதாவூதிலும் இது பதிவாகியுள்ளது. விருதுநகரில் வத்தல் மண்டியும் மல்லி மண்டியும் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியை நான் விளக்க வேண்டியதில்லை. மூட்டை கைக்கு வருமுன் விலை பேசிவிட்டு, சந்தை ஏறியதும் தூக்கம் கெட்டவர்கள் இந்த ஊரில் உண்டு.

அப்படியானால் ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் காலண்டர் ஆல்பம் வெளியிட்டு ஆர்டர் எடுக்கிறார்களே, அச்சடிக்காத காலண்டரை விற்பது கூடுமா என்று சிலர் கேட்பார்கள். கூடும். செய்து தருவதாக ஒப்புக்கொள்ளும் இந்த ஒப்பந்தத்தை ஹனஃபி இமாம்கள் 'இஸ்திஸ்னாஃ' என்ற பெயரில் அனுமதித்தார்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுத்து, அளவும் தவணையும் பேசி வாங்கும் 'ஸலம்' வியாபாரத்தை நபி (ஸல்) அவர்களே மதீனாவில் அனுமதித்தார்கள். அங்கே உழைப்பும் விளைச்சலும் இருக்கின்றன. முடிவில் ஒரு பொருள் உலகத்துக்கு வருகிறது. ஷார்ட் அடிப்பவர் எதையும் விளைவிப்பதில்லை, அச்சடிப்பதுமில்லை. அவருக்கு லாபம் வரவேண்டும் என்றால் இன்னொருவரின் சொத்து மதிப்பு இறங்கியாக வேண்டும். தன் உடைமையில் இல்லாத பங்கை விற்பதை ஜித்தாவில் 1992-இல் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் பேரவை கூடாது என்றது. கடன் வாங்கிய பங்கை ஒழுங்குவிதிகளுக்கு உட்பட்டு விற்பதை மலேசியாவின் ஷரீஆ ஆலோசனைக் குழு அனுமதித்திருக்கிறது. கருத்து வேறுபாடு இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பெரும்பாலான உலமாக்கள் தடுக்கும் பக்கமே நிற்கிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

இனி அந்த டிவிடெண்டுக்கு வருவோம். பங்கைக் கடன் வாங்கி விற்றவர் கையில் பங்கு இல்லை. கம்பெனி டிவிடெண்ட் கொடுத்தால் அது புதிதாக வாங்கியவருக்குப் போய்விடும். கடன் கொடுத்தவரும் தன் பங்குக்கான டிவிடெண்டைக் கேட்பார். அதைக் கடன் வாங்கியவர் தன் பாக்கெட்டிலிருந்து கொடுக்க வேண்டும். இந்தியாவில் 2008-இல் தொடங்கிய பங்குக் கடன் ஏற்பாட்டில் இந்தத் தொகையை அவரிடம் வசூலித்தே உரியவருக்குச் சேர்க்கிறார்கள். இதைக் கேட்டுவிட்டுத்தான் "மாட்டுவாங்க" என்கிறார்கள். ஆனால் டிவிடெண்டுக்கான தேதியில் பங்கின் விலையும் ஏறக்குறைய அதே அளவு இறங்கும். ஒரு கையால் கொடுத்ததை ஷார்ட் அடித்தவர் மறு கையால் எடுத்துக்கொள்கிறார். அதுவும் நாலு ரூபாய் பங்கில் டிவிடெண்ட் எவ்வளவு வரும்? சில பைசா.

இன்னொன்றையும் பாருங்கள். செபி 2024 ஜனவரியில் வெளியிட்ட விதிகளின்படி, கையில் பங்கை ஏற்பாடு செய்யாமல் விற்பதற்கு அனுமதி இல்லை. ஷார்ட் செய்யத் தகுதியுள்ளவை ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பிரிவில் உள்ள பங்குகளே. பென்னி ஸ்டாக் எனப்படுபவை, ஒன்றிரண்டு பெரிய கம்பெனிகள் நீங்கலாக, அதில் இல்லை. காலையில் விற்று மாலைக்குள் வாங்குபவரை டிவிடெண்ட் தொடுவதே இல்லை. ஆக, உங்கள் பங்கைக் கவிழ்த்ததாக நீங்கள் திட்டித் தீர்க்கும் அந்த எதிரி பெரும்பாலும் அங்கே இருப்பதே இல்லை! கம்பெனியில் லாபம் இல்லை, விற்பவர் அதிகம், வாங்குபவர் குறைவு. விலை இறங்கியதற்கு அது போதும்.

டிவிடெண்ட் உண்மையிலேயே ஷார்ட் விற்றவர்களை வருத்திய காலமும் உண்டு. பின்னாளில் நம் நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் வந்து கால் ஊன்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602-இல் தொடங்கப்பட்டது. ஆண்டுகள் பல ஆகியும் பங்குதாரருக்கு ஈவுத்தொகை எதுவும் கொடுக்கவில்லை. அதன் முன்னாள் இயக்குநர் ஐசக் லெ மெயர் 1609-இல் ஒரு ரகசியக் கூட்டுச் சேர்த்து, கையில் இல்லாத பங்குகளை விற்கத் தொடங்கினார். விலை சரிந்தது. விதவைகளும் அநாதைகளும் பாதிக்கப்படுகிறார்கள் என்று இயக்குநர்கள் அரசிடம் முறையிட்டார்கள். நிர்வாகம் மோசம், அதனால்தான் விலை இறங்கியது என்றது எதிர்த்தரப்பு. 1610 பிப்ரவரியில் தடை வந்தது. அதே ஆண்டு கம்பெனி தன் முதல் ஈவுத்தொகையைக் கொடுத்தது, பணமாக அல்ல, ஜாதிபத்திரியாக! விலை மீண்டது, லெ மெயரின் கூட்டாளிகள் பெரும் நஷ்டப்பட்டார்கள். அங்கே வேலை செய்தது தந்திரம் அல்ல. கிடங்கில் சரக்கு இருந்தது. அதைப் பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

கூட்டு வியாபாரத்தில் கிடைத்த லாபத்தைப் பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுப்பது ஹலாலான, அழகான காரியம். அதனால் ஷார்ட் விற்றவருக்கு இழப்பு வந்தால் அது அவராகத் தேடிக்கொண்டது. கம்பெனி மீது குற்றமில்லை. ஆனால் லாபமே இல்லாமல், வட்டிக்கு வாங்கியாவது டிவிடெண்ட் கொடுத்து எவரையோ பழிவாங்கு என்று நிர்வாகத்தை நெருக்குவது வேறு. லாபத்திலிருந்துதான் டிவிடெண்ட் கொடுக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டமும் சொல்கிறது. தீங்கு செய்வதும் கூடாது, தீங்குக்குப் பதிலாகத் தீங்கு செய்வதும் கூடாது என்பது நபிமொழியின் கருத்து. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்று ஸூரத்துல் மாயிதாவின் 8-ஆவது வசனத்தில் அல்லாஹ் எச்சரிக்கிறான். எதிரி ஹராமில் இருக்கிறார் என்பதால் அவர் அழிவில் நாம் எதிர்பார்க்கும் லாபம் சுத்தமாகிவிடாது.

ஷார்ட் அடிப்பவரைத் திட்டும் நம்மில் சிலர், நீண்டகாலம் வைத்திருக்கும் பங்கைக் கட்டணத்துக்குக் கடன் கொடுக்கிறார்கள். "சும்மா கிடக்கிற பங்குதானே" என்கிறார்கள். கொடுத்த கடனைத் திரும்பப் பெறுவதோடு, அதற்கு மேல் பேசி வாங்கும் பலன் என்னவாகும்? அவர்களே யோசிக்கட்டும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது அந்தக் குரூப் செய்திதான். வாங்கும் எண்ணம் இல்லாமல் பிறரைத் தூண்டுவதற்காக விலையை ஏற்றிக் கேட்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள், 'நஜ்ஷ்' என்பார்கள். யூடியூபில் பொய்ச் செய்தி பரப்பி ஒரு சிறு பங்கின் விலையை ஏற்றி, சாமானியர்கள் வாங்கியதும் விற்றுவிட்டு வெளியேறியதாக 2023 மார்ச்சில் செபி ஒரு உத்தரவில் சொன்னது. "டிவிடெண்ட் வருது, ஷார்ட் அடிச்சவன் அலறுவான், இப்பவே வாங்கு" என்று எழுதுகிறவரிடம் எத்தனை பங்கு இருக்கிறது, அதை அவர் யாரிடம் விற்கப் போகிறார் என்று கேட்டுப் பாருங்கள். நஷ்டத்தில் இருக்கும் நீங்களும் வெளியேறும் ஆசையில் அதே செய்தியை மைத்துனருக்கும் பக்கத்துக் கடைக்காரருக்கும் அனுப்பினால், அந்த வேலையில் உங்களுக்கும் பங்கு உண்டு.

ஆகவே, கேட்ட தம்பிக்குப் பதில்: அந்த நம்பிக்கையில் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியதை, கம்பெனியின் தொழில் ஹலாலானது என்றால் வைத்திருக்கலாம். எதையும் ஊதிப் பெருக்காமல் சந்தை விலைக்கு விற்று நஷ்டத்தோடு வெளியே வருவதிலும் பாவமில்லை. விற்பதற்காக வைத்திருக்கிறீர்கள் என்றால், ஜகாத் கணக்குப் பார்க்கும் நாளில் வாங்கிய விலையை எழுதாமல் அன்றைய விலையை எழுதிக்கொள்ளுங்கள்.